பொதிகைக்குப் பாரீஸ் முத்திரை எதற்கு?

அகத்தியர் வாழும் மலை என்று காலங்காலமாக வணங்கும் பொதிகைக்கு யுனெஸ்கோ சான்றிதழ் வந்தா புனிதம் கூட வேண்டும் என்று கேட்கிறார்கள். கூடாதுதான். 1,868 மீட்டர் சிகரமும் தாமிரபரணியின் பிறப்பிடமும் அடங்க, தமிழகம், கேரளம் இரண்டிலும் 3,500 சதுர கிலோமீட்டர் விரிந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016 மார்ச்சில் உலகப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் மலைக்குக் கிடைத்த பெருமை சொற்பம். நமக்கு விதித்த எல்லைதான் முக்கியம். கைபடாத மையப் பகுதி, சுற்றிலும் இடைப்பகுதி, வெளியே மக்கள் பிழைக்கும் பகுதி. கருவறைக்கு ஒரு நெறி, பிராகாரத்துக்கு ஒரு நெறி என்று வகுத்த சமயத்துக்கு இது புதிதா என்ன? விலகி நிற்பதும் வழிபாட்டில் சேர்த்தி. பக்தியே மலையைக் காக்கும், அரசு குறுக்கே வர வேண்டாம் என்பவர்கள் அடிவாரத்தில் பாபநாசம் படித்துறையைப் பார்க்கட்டும். உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் தொலையும் என்ற நம்பிக்கையில் விட்ட சேலையும் வேட்டியும் கல்லிடுக்கில் சுற்றிக்கொண்டு ஊறுகின்றன. விடுகிறவர்களின் பக்தியில் பொய்யில்லை, சிக்கலே அதுதான்.

புனிதம் தன்னைத்தானே காத்துக்கொள்ளாது என்பது புதுச்சேரிக்குத் தெரியும். அகத்தியர் ஆசிரமம் இருந்ததாக ஐதிகம் பேசும் இவ்வூரில், வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் பிரெஞ்சு ஆட்சியில் இடிக்கப்பட்டது. பட்டியலும் தானாகக் காக்காது. இங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஆனாலும் ஓலையைப் பூச்சி அரிக்காமலிருக்க யாரோ ஒருவர் ஏடு ஏடாகத் துடைத்து எண்ணெய் பூசத்தான் வேண்டும். உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமும் கிடையாது. காவலுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். வலுவான ஆட்சேபம் வேறொன்று: எல்லை போடுவது யார்? மலையின் பழங்குடியினரான காணி மக்கள் காட்டித்தந்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் 'ஜீவனி' மருந்தை உருவாக்கினார்கள். அந்த அறிவுள்ளவர்களை ஒதுக்கிவிட்டு அலுவலகத்தில் கோடு கிழித்தால் அது காவலாகாது, அபகரிப்பு. இதை மறுக்க என்னிடம் வாதமில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அறிக்கைகள் மலையை மருந்து, தண்ணீர், சுற்றுலா என்று மனிதப் பயனால் எடைபோடுகின்றன; பக்தனோ மலையை மலைக்காகவே கும்பிடுகிறான். அங்கே சமயம் ஒரு படி மேல்தான். கும்பிட்டவன் துணியை வீட்டுக்கு எடுத்துப்போவதில்தான் அது தெரிய வேண்டும். அங்கீகாரம் பெற்ற காப்பகங்களைப் பத்தாண்டுக்கொரு முறை மறு ஆய்வு செய்வது யுனெஸ்கோ வழக்கம். அகத்தியமலைக்கு அந்தக் கெடு 2026. அந்த ஆய்வில் புலி, யானைக் கணக்கோடு பாபநாசத்துத் துணிமூட்டையையும் எடைபோட வேண்டும், காணிகளையும் பக்கத்தில் உட்காரவைத்து.