அளவுகோல் எவர் கையில்?

உழைப்புக்கு ஊதியம் உண்டு. ஊதியத்திற்கு அளவும் உண்டு. அவ்வளவை வகுப்பது எது? உழைத்தவரின் திறமையா, உழைப்பால் விளைந்த பயனா, அன்றி அதனைக் காண வருவோர் கொடுக்கும் கட்டணமா? இவ்வினா மிகப் பழமையானது. எனினும், ஒரு மனிதரின் வாழ்வில் வைத்துப் பார்க்கும்பொழுதே அதன் கூர்மை நமக்குப் புலப்படும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினாறு பருவங்கள் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைப் பயிற்றுவித்த ஷேனன் மில்லர் அம்மையாரின் வாழ்வு அத்தகையதொரு சான்றாகும்.

ஐஸ் ஹாக்கி குளிர்நாடுகளின் விளையாட்டு. காலில் சறுக்குக் காலணி அணிந்து, பனிக்கட்டித் தளத்தில் விரைந்தோடி, பந்துக்கு மாற்றாக இரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடித்து ஆடுவது. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட இவ்வாட்டம், 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோ நகரில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கும் ஒலிம்பிக் போட்டியாயிற்று. அங்குக் கனடா நாட்டு அணியைப் பயிற்றுவித்தவர், முன்னர்க் கால்கரி நகரில் காவல்துறையில் பணியாற்றிய மில்லர். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 3–1 எனத் தோற்று, அவர் அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அதே ஆண்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகம் அவரை அழைத்தது. சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் உள்ள அந்நகரில் அப்பொழுது பெண்கள் அணியே இல்லை. அதனை அடித்தளத்திலிருந்து எழுப்ப வேண்டிய பொறுப்பு அவருடையது. கனடாவிலும் சுவீடன், பின்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளிலும் திறமையுள்ள மாணவியரைத் தேடிக் கொணர்ந்தார். 2001ஆம் ஆண்டு முதன்முறையாக நடைபெற்ற தேசியக் கல்லூரிப் பெண்கள் போட்டியில் அவருடைய அணி வாகை சூடியது. 2002, 2003, 2008, 2010 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வெற்றி தொடர்ந்தது.

பயிற்றுவிப்போரின் பயன் வெற்றிக் கோப்பைகளோடு முடிந்துவிடுவதில்லை. சுவீடனிலிருந்து வந்து அவரிடம் பயின்ற மரியா ரூத், 2006ஆம் ஆண்டு தூரின் ஒலிம்பிக்கின் அரையிறுதியில் தம் நாட்டு அணிக்காக ஆடினார். எவரும் எதிர்பாராத வகையில் அமெரிக்க அணி வீழ்ந்தது. சுவீடன் அடித்த இரு கோல்களும், ஆட்டத்தை முடித்த தனியடியும் ரூத்தினுடையவை. டுலூத்தில் ஊன்றிய விதை கடல் கடந்து கனி தந்தது. இவ்விளைவை எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பது?

2014 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது எனப் பல்கலைக்கழகம் அறிவித்தது. நிதி நெருக்கடியே காரணம் என்றது. அவருடைய ஆண்டு ஊதியம் 2,07,000 டாலர்; பெண்கள் கல்லூரி ஹாக்கிப் பயிற்சியாளர்களுள் அதுவே மிக உயர்ந்தது எனப்பட்டது. எனினும் அதே வளாகத்தின் ஆடவர் அணிப் பயிற்சியாளர் அதனினும் மிகுதியாகப் பெற்றுவந்தார். அவ்வணி அதுவரை வென்ற தேசியப் பட்டம் 2011ஆம் ஆண்டின் ஒன்றே.

ஈண்டு எதிர்வாதத்தையும் செவிமடுத்தல் நேர்மையாகும். ஆடவர் ஆட்டத்திற்கே மக்கள் திரள்கின்றனர். நுழைவுச்சீட்டு விற்பனையால் வரும் வருவாயும் அதற்கே மிகுதி. எனவே வேறுபாடு இயல்பே என்பர் சிலர். 2010க்குப் பின் மில்லரின் அணி தேசியப் பட்டம் எதனையும் வெல்லவில்லை என்பதும் உண்மையே. மேலும், இரண்டு இலட்சம் டாலர் பெறும் ஒருவருக்காகக் கவலைப்படுவானேன் என்று ஏழைத் தொழிலாளி கேட்பின், அக்கேள்வியிலும் பொருள் உண்டு.

ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். ஓர் ஆட்டத்திற்கு நூறாண்டு விளம்பரமும் அரங்கமும் ஆதரவும் அளித்துவிட்டு, மற்றொன்றைப் பல்லாண்டு வாயிலிலேயே நிறுத்தி வைத்தபின், இரண்டின் வருவாயையும் ஒப்பிட்டுத் தீர்ப்பளிப்பது முறையாகுமா? முந்தைய ஓரவஞ்சனையின் விளைவே இன்றைய ஓரவஞ்சனைக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. நிழலில் வைத்த செடியை வளரவில்லை என்று பிடுங்கி எறிவது போன்றது அது. வெற்றியே அளவு எனில், ஐந்து பட்டங்கள் உள்ளன. வருவாயே அளவு எனில், கல்விக்கூடத்திற்கும் வணிகக் கூடத்திற்கும் வேறுபாடு என்ன? அளவுகோல் எதுவாயினும் இருவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே அறம். ஊதியம் பெரிதோ சிறிதோ, இவ்விதி மாறாது. உயர்ந்த இடத்தில் வளைக்கப்படும் கோல் தாழ்ந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும் என எதிர்பார்ப்பது வீண்.

கல்விக்கூடங்களில் பால் வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டம் அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதனால் மாணவியர் அணிகள் பெருகின. ஆனால் ஒரு முரண்பாடும் உடன் வந்தது. 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். 2014இல் அது பாதிக்கும் கீழே இறங்கிற்று. பதவிக்கு மதிப்பும் ஊதியமும் கூடியபொழுது, அதை எளிய நாளில் சுமந்தவர்கள் ஒதுங்க நேர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவரை அமரச் செய்வது மனிதரின் மனமே.

மில்லர் நீதிமன்றம் சென்றார். 2018 மார்ச்சில் நடுவர் குழு, அவர் பெண் என்பதாலும், தம் அணியினர் சமமாக நடத்தப்படவில்லை என முறையிட்டதாலும் நீக்கப்பட்டார் எனக் கண்டு, 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. பின்னர் நீதிபதி அத்தொகையைக் குறைத்தார். தீர்ப்பு வந்த நாளில் மில்லர் பனித்தளத்தில் இல்லை. கலிபோர்னியாவின் பாலைவன நகரான பாம் ஸ்பிரிங்சில், சுற்றுலாப் பயணியர்க்கு மிதிவண்டி உலா நடத்தும் தொழிலில் இருந்தார்.

பணம் இழப்பை ஈடுசெய்யலாம். பணியை மீட்டுத் தருவதில்லை. அவர் பயிற்றுவித்திருக்கக்கூடிய மாணவியருக்கு எந்த நீதிமன்றம் ஈடு வழங்கும்? நீதி காலந்தாழ்ந்து வருமாயின், அது வென்றவருக்கும் பாதி தோல்வியே. ஆதலின் அறம் நீதிமன்றத்தில் தொடங்குவதன்று. ஊதியத்தை எழுதும் மேசையில், பொறுப்பைப் பகிரும் கூட்டத்தில், முறையீட்டைக் கேட்கும் செவியில் தொடங்குகின்றது.

பிறரை அளந்து மதிப்பெண் இடுவதே ஆசிரியரின் அன்றாடப் பணி. கோலைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நேராக உள்ளதா என நோக்குதல், அளக்கப்படுவோருக்குச் செய்யும் முதற்கடன் அன்றோ?