விலகுதலும் தட்டிக்கழித்தலும்

நேர்வழியை விட்டு விலகிப் போவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஏராளம். வேரைத் தோண்டினால் பலவற்றில் காலடிகள் தென்படும். 'எவேட்' இலத்தீனில் வெளியே நடந்துவிடுவது. 'சர்கம்வென்ட்' சுற்றிக்கொண்டு வருவது. 'சைட்ஸ்டெப்' ஓரடியைப் பக்கவாட்டில் வைப்பது. 'எலூட்' என்பதன் வேரில் ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கிறது. தமிழிலும் இந்தக் குடும்பம் பெரியது: ஒதுங்குதல், விலகுதல், நழுவுதல், மழுப்புதல், சமாளித்தல், தட்டிக்கழித்தல், கம்பி நீட்டுதல், டிமிக்கி கொடுத்தல்.

அகராதி இவற்றை அருகருகே அடுக்கி வைக்கும்; எழுவாய் யார் என்று கேட்காது. தென்காசித் தெருக்களில் இச்சொற்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு எழுவாய்தான் முக்கியம். தெருமுனையில் நாலு பேர் நின்றால் 'ஒதுங்கி' நடக்க வேண்டியவள் பெண். கழிப்பறை இல்லாத வீட்டில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு அவள் போய் வருவதற்கும் 'ஒதுங்குதல்' என்றே பெயர். மாதக் கடைசியையும் புருஷனின் கோபத்தையும் 'சமாளிப்பவள்' அவளே. 'கம்பி நீட்டுவதற்கு' வெளியே தனக்கென்று ஓர் உலகம் வேண்டும். 'தட்டிக்கழிப்பதற்கு' மேசையும் நாற்காலியும் வேண்டும்; 'நாளைக்கு வாங்க' என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்களின் வினை அது.

நேராகப் பதில் சொல்லாமல் விலகுவது அறமா, அறக்கேடா? எழுவாயைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதே என் கட்சி.

தமிழ் இலக்கணம் இங்கே நமக்கு உதவுகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் விடைகளை எட்டாக வகுக்கிறார். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. வகுப்பில் இந்த ஐந்தை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு அது. சாரல் தொடங்கினால் எங்கள் பக்கத்து வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். குற்றாலத்துக்குக் கிளம்பும் நேரத்தில் "நீ வரலையா?" என்று மாமியார் கேட்பார். "தலை வலிக்குது அத்தை" என்பாள் மருமகள். மாமனாரும் கொழுந்தனும் நிற்கும் முற்றத்தில் மாதவிலக்கு என்று சொல்ல முடியுமா? மாமியாருக்குப் புரிந்துவிடும். இது உற்றது உரைத்தல். "உன் சம்பளப் பணம் எங்கே?" என்று கேட்கும் கணவனிடம் "சோறு எடுத்து வைக்கட்டுமா?" என்பாள் இன்னொருத்தி. இது வினா எதிர் வினாதல்.

நன்னூல் இந்த ஐந்தையும் பொய் என்று தள்ளவில்லை; விடை என்றே ஏற்கிறது. 'மாட்டேன்' என்று மறுக்க முடிந்தவளுக்கு 'கால் வலிக்கும்' என்ற சாக்கு தேவைப்படாது. 'மாட்டேன்' என்றால் அறை விழும் வீட்டில், அந்தச் சாக்குதான் அவளுக்கு மிஞ்சிய மறுப்பு.

பொய்யை எந்த நிலையிலும் ஏற்காதவர் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-இல் எழுதினார். அவரைத்தான் 1794-இல் பிரஷ்ய அரசர் சமயம் பற்றிய எழுத்துக்காகக் கண்டித்தார். இனி அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று காண்ட் வாக்களித்தார். ஆனால் அந்த அரசரின் குடிமகன் என்ற முறையில் என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துவைத்தார். அரசர் இறந்ததும் வாக்கும் தீர்ந்தது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன் என்று 1798-இல் அவரே விளக்கினார். அரசர் முன்னால் பேராசிரியரும் மருமகளாகிவிடுகிறார். இதைச் சாமர்த்தியம் என்று ரசிப்பவர்களே 'பொம்பளைங்க எதையும் நேரா சொல்ல மாட்டாங்க' என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

இனி நாற்காலியில் இருப்பவர்களின் விலகலைப் பார்ப்போம். தென்காசி வட்டார ஊர்களில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். இலையும் தூளும் கடையிலிருந்து வரும். சுற்றிய பீடி கடைக்கே திரும்பும். வீட்டில் சுற்றுபவர்களையும் தொழிலாளர்களாகவே கருதும் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இலேயே வந்துவிட்டது. ஆனால் வருங்கால வைப்பு நிதி என்று வந்தபோது பீடி உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள்: அவர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள், எங்கள் மேற்பார்வையில் இல்லை, ஆகவே எங்கள் தொழிலாளர்கள் அல்லர். 1985-இல் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. தரமில்லாத பீடியைக் கழித்துப்போடும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. அந்த உரிமையே மேற்பார்வைதான் என்றது. பீடியைக் கழிப்பவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று நான் அந்தத் தீர்ப்பை வாசித்துக்கொள்கிறேன்.

இரண்டு விலகல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருமகள் மறைத்தது அவள் உடம்பைப் பற்றிய செய்தி. அதை அறியும் பாத்தியதை முற்றத்தில் நிற்பவர்களுக்கு இல்லை. முதலாளி மறுத்தது பிறருடைய உழைப்புக்குத் தர வேண்டிய கடனை. அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நேர்வழி அவளுக்கு அடைபட்டிருந்தது. அவருக்குத் திறந்தே இருந்தது.

அதற்காக விலகுதலைப் பெண்ணின் நுண்ணறிவு என்று போற்றிப் பாட எனக்கு மனமில்லை. சுற்றிப் போகிறவள் பிழைத்துக்கொள்கிறாள்; குறுக்கே நிற்கும் சுவர் அப்படியே நிற்கிறது. கேட்டவருக்குத் தாம் கேட்டது தவறு என்பதே தெரியாமல் போகிறது. அம்மாவின் தலைவலி மகளுக்கும் வருகிறது.

அதனாலேயே மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கியை எனக்குப் பிடிக்கும். சொல்லாமல் எங்கே போனாய் என்கிறான் சிங்கன். குறி சொல்லப் போனேன் என்கிறாள். அவள் காலில் கிடக்கும் அணிகலன்களைப் பாம்பென்றும் நாங்கூழ் என்றும் கண்டு அவன் மருள்கிறான். அவள் அணியின் பெயரைச் சொல்கிறாள். எந்த நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்பதையும் சொல்கிறாள். எதையும் மழுப்பவில்லை. அவள் காலுக்கு ஊர்வழி தெரியும். அவள் கையில் சொந்தச் சம்பாத்தியம் இருக்கிறது.

ஆனால் பாட்டுக்கு வெளியே வேறொரு சிங்கன் வந்தான். 1911-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக் குறவர் மக்களையும் பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. பதிவு செய்யப்பட்டவர்கள் இருப்பிடம் மாறினால் காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். 'சொல்லாமல் எங்கே போனாய்' என்ற அதே கேள்வியை லத்தியோடு அரசு கேட்டது. கட்டியவனிடம் நேர்விடை சொன்ன சிங்கியும் அந்தக் காவலரிடம் நழுவித்தான் பேசியிருப்பாள். அவளைப் பொய்க்காரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பெண் மழுப்புகிறாள் என்று தோன்றும்போது என் மாணவிகளை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்வேன். கேட்டவர் யார்? கேட்க அவருக்கு என்ன உரிமை? 'மாட்டேன்' என்று அவள் சொல்லியிருந்தால் அன்றிரவு அவளுக்குச் சோறும் கூரையும் இருந்திருக்குமா? மூன்றாவது கேள்விக்கு 'இருந்திருக்கும்' என்று பதில் வரும் வீடுகள் பெருகட்டும். அதற்குப் பிறகு நேர்மையைப் பற்றி நாம் பெண்களுக்குப் பாடம் எடுக்கலாம்.