“எனக்கு மன்னிப்பே இல்லை” – இது பாவியின் குரலா, நோயின் குரலா?

 



கவலைப்படுவது ஈமானுக்கு இழுக்கு என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. நபி யஃகூப் (அலை) அவர்கள் அருமை மகனைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்குக் கலங்கினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் கதீஜா நாயகி (ரலி) அவர்களையும், வளர்த்த பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டுக்குத் ‘துயர ஆண்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நபிமார்களுக்கே துயரம் வந்ததென்றால் நாம் எம்மாத்திரம்?

ஆனால் இந்த மாதம் நாம் பேச வந்தது அந்தக் கவலையைப் பற்றியல்ல. கவலை நோயாகி, அந்த நோய் முற்றி, மனிதனின் புத்தியையே மூடிவிடும் ஒரு நிலை உண்டு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மார்க்கத்தின் மொழியிலேயே பேசுகிறது. அதனால் டாக்டரிடம் போவதற்கு முன் ஆலிம்களிடமும் ஓதிப் பார்ப்பவர்களிடமும் வந்து சேர்கிறது. அடையாளம் தெரியாமல் நாட்கள் கழிகின்றன. சில வேளை ஓர் உயிரே போய்விடுகிறது.

நோயின் முதற்படி இப்படி இருக்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாக முகத்தில் மலர்ச்சி இல்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தாலும் சிரிப்பு வராது. நடுநிசிக்குப் பின் இரண்டு, மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அது தஹஜ்ஜுதுக்கு எழுந்த விழிப்பல்ல, நெஞ்சுப் படபடப்போடு வந்த விழிப்பு. காலையில் பாரம் அதிகம், மாலையில் சற்றே குறைவு. சோறு இறங்காது, உடல் மெலியும். பேச்சும் நடையும் மெதுவாகிவிடும். அல்லது இருப்புக்கொள்ளாமல் கையைப் பிசைந்துகொண்டு உலாவுவார்.

இவற்றோடு வேறு சில சேரும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர், “30 வருஷத்துக்கு முன் கடையில் நூறு கிராம் குறைத்து நிறுத்துவிட்டேன், என் தொழுகை, நோன்பு, ஹஜ்ஜு எல்லாம் பாழ். அல்லாஹ் என்னை மன்னிக்கவே மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொருவர், பேங்கில் பணம் இருக்கும்போதே, “குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது, கஃபனுக்குக்கூடக் காசில்லை” என்பார். மூன்றாமவர், “என் குடல் அழுகிவிட்டது, நான் எப்போதோ மவுத்தாகிவிட்டேன்” என்று சாப்பிட மறுப்பார். வேறொருவர், “என்னைப் பிடித்துப்போகப் போலீஸ் வருகிறது, அது எனக்குத் தகும்” என்பார். சிலருக்கு ஆளில்லாத அறையில் குரல் கேட்கும். “நீ பாவி, நீ இருந்து என்ன பயன், செத்துப் போ” என்று அது ஏசும். சிலருக்கு இல்லாத பிண வாடை வீசும்.

நோயாளிகளில் பலர் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. வெட்கமும் பயமும் தடுக்கும். பேச்சின் நடுவே எதையோ உற்றுக் கேட்பதுபோல் தலை திருப்புவது, தனியே முணுமுணுத்துப் பதில் சொல்வது, “எனக்கு இந்தச் சோறு ஹலாலில்லை” என்று தட்டைத் தள்ளுவது ஆகியவற்றைக் கொண்டுதான் வீட்டார் அறிய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். பாவத்தை நினைத்து அழுவது நல்ல குணமல்லவா? தவ்பாவின் வாசலல்லவா? ஆம், ஆனால் தவ்பாவின் துக்கம் வேறு, நோயின் துக்கம் வேறு. தவ்பாச் செய்பவரின் துக்கம் அவர் செய்த தவற்றின் அளவுக்கு இருக்கும். அதற்குப் பரிகாரம் சொன்னால் ஏற்றுக்கொள்வார். குறைத்து நிறுத்ததற்கு ஈடு கொடுத்துவிட்டால் ஆறுதலடைவார். அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பற்றிக் கேட்டதும் கண் கசியும், மனம் இலேசாகும், எழுந்து ஒளு செய்வார்.

நோயாளியிடம் இது எதுவும் நடவாது. அவர் சொல்லும் பாவம் அற்பமானதாக இருக்கும், அல்லது நடக்காத ஒன்றாகவே இருக்கும். ஈடு கொடுத்தாலும் மறுநாள் அதே பேச்சு. ரஹ்மத்தின் ஆயத்தை ஓதிக் காட்டினால், “அது மற்றவர்களுக்கு, எனக்கல்ல” என்பார். எந்த ஆதாரமும் அவரை அசைக்காது. சொல்லும் சொல் மார்க்கத்தின் சொல்லாக இருந்தாலும், அந்த அசையாத தன்மை நோயினுடையது. வஸ்வாஸ் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒளு செய்பவருக்குப் பெரும்பாலும், “இது வீண் எண்ணம், ஆனால் விட முடியவில்லை” என்பது தெரிந்திருக்கும். இவருக்கோ சந்தேகமே இல்லை. அதுவும் இதுவும் வைத்தியம் தேவைப்படுபவையே.

அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பதை மார்க்கம் வன்மையாகக் கண்டித்திருக்கிறது. அந்தக் கண்டனத்தை எடுத்து இந்த நோயாளியின் மேல் வீசுபவர்கள் உண்டு. சகோதரர்களே, இது அநீதி! தூங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, புத்தி பேதலித்தவர் தெளியும்வரை இம்மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. கால் முறிந்தவரை நின்று தொழு என்று ஷரீஅத் சொல்லவில்லை. உட்கார்ந்து தொழ இடம் தருகிறது. புத்தி முறிந்தவரை மட்டும் நாம் ஏன் எழுந்து நில் என்று அதட்ட வேண்டும்? தாமாக விரும்பிக்கொண்ட அவநம்பிக்கை குற்றம்; நோய் கொண்டுவந்து திணித்த அவநம்பிக்கைக்கு அவர் என்ன செய்வார்?

“இது ஜின் சேட்டையாக இருக்கலாமே” என்பார்கள். ஜின் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. குர்ஆன் ஓதி துஆச் செய்வது தாராளமாக நடக்கட்டும். ஆனால் அது வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்காமலில்லை, ஆகவே வைத்தியம் செய்யுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கிராமவாசிகளுக்குச் சொன்னது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. நம் முன்னோர்களும் அப்படியே நடந்தார்கள். கி.பி. 934-இல் காலமான அபூஸைத் அல்-பல்கீ, காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்து கிளம்பும் துக்கம் ஒன்று எனப் பிரித்து, பின்னதற்கு உடலுக்கே மருந்து தேவை என்று எழுதினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது.

இதற்கு மாறாக நடந்ததன் விலையை நாம் கண்முன் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் ஒரு முஃமினைக் கட்டிப்போட நமக்கு உரிமை ஏது?

இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு. மனநல டாக்டர் சோர்வுக்கு ஒரு மருந்தும், பொய்த் தோற்றங்களுக்கு இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். சாப்பாட்டையே விட்டவருக்கும், உயிருக்கு ஆபத்தானவருக்கும் மயக்க மருந்து கொடுத்து மின்சிகிச்சை செய்வார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் அது சித்திரவதையல்ல, இந்த நோயில் நன்கு பலன் தருவது. தைராய்டு கோளாறாலும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளாலும்கூட இத்தகைய நிலை வருவதுண்டு. ஆகையால் இரத்தப் பரிசோதனையும் அவசியம். குணமானதும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. ரமலானில் நோன்பு பிடிப்பதா விடுவதா என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

பிள்ளை பெற்ற வீட்டார் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பிரசவமான முதல் சில வாரங்களில் தாய் உறக்கமின்றிக் கலங்கி, “இது என் பிள்ளையல்ல, ஷைத்தான்” என்றோ, “நானும் பிள்ளையும் போய்ச் சேர்வதே நல்லது” என்றோ சொன்னால், நாற்பது கழியட்டும் என்று காத்திருக்கலாகாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளையோடு அவளைத் தனியே விடாதீர்கள். அவளைப் பழிக்கவும் செய்யாதீர்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது என்ன? நோயாளியிடம் வாதாடாதீர்கள், அவர் சொல்வதை ஆமோதிக்கவும் வேண்டாம். “உங்களுக்கு அப்படித் தோன்றுவது எவ்வளவு வேதனையாக இருக்கும் வாப்பா! நாங்கள் கூடவே இருக்கிறோம், டாக்டரைப் பார்ப்போம்” என்று சொன்னால் போதும். “ஏதாவது குரல் கேட்கிறதா? செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பாரம்தான் இறங்கும். ஆம் என்றால் ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை, கயிறு, கத்தி ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். அவசரத்துக்கு 108-ஐ அழையுங்கள். யோசனை கேட்க 14416 என்ற அரசாங்கத்தின் இலவச மனநலத் தொலைபேசி இரவு பகலாக இயங்குகிறது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலும் மனநல டாக்டர் இருக்கிறார்.

“வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராதே” என்று மறைப்பவர்களுக்கு ஒரு சொல்: மறைத்த நோய் ஒருநாள் ஜனாஸாவாக வெளியே வரும். ஜமாஅத்தார் இந்தப் பயத்தைப் போக்கக் கடமைப்பட்டவர்கள். சர்க்கரை நோயாளியை நலம் விசாரிப்பதுபோல் இவரையும் விசாரிக்கப் போவது ஸுன்னத்தே. நம்மைப் போன்ற ஆலிம்களும், ஓத வேண்டி யாரேனும் அழைத்து வரப்பட்டால், ஓதி முடித்த கையோடு, “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டே அனுப்ப வேண்டும்.

யா அல்லாஹ்! கல்பு இருண்டு கிடக்கும் உன் அடியார்களுக்கு நீயே ஷிஃபா அளிப்பாயாக! அவர்களின் கையை விடாத குடும்பத்தாராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்!