வெள்ளரிக்காய் செய்த பாவம்

2011 மே மாதம். ஜெர்மனியில் ஆஸ்பத்திரிகள் திடீரென்று நிரம்பின. ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. காரணம், ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு பொல்லாத ரகம். மே 26-ம் தேதி ஹாம்பர்க் நகர சுகாதாரத் துறை கை நீட்டியது: ‘ஸ்பெயின் வெள்ளரிக்காய்!’

அவ்வளவுதான். ஸ்பெயின் காய்கறியை வாங்க ஆள் இல்லை. அறுவடை செய்த வெள்ளரியை டன் டன்னாகக் குப்பையில் கொட்டினார்கள் அந்த ஊர் விவசாயிகள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று கதறினார்கள்.

சில நாளிலேயே தெரிந்தது, வெள்ளரியில் இருந்தது வேறு ரகக் கிருமி. ஆளைக் கொன்றது அது இல்லை. ஜூனில் நிஜக் குற்றவாளி பிடிபட்டது: ஜெர்மனியிலேயே ஒரு பண்ணையில் முளைகட்டிய பயிர். ஜூலையில் அதன் மூலத்தையும் சொன்னார்கள்... எகிப்திலிருந்து வந்த வெந்தயம்! மொத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இப்போது நீங்கள் அந்த ஹாம்பர்க் அதிகாரியின் நாற்காலியில் உட்காருங்கள். கையில் இருப்பது அரைகுறை ஆதாரம். முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் நாலு பேர் சாகலாம். வாயைத் திறந்தால், ஒரு பாவமும் அறியாத விவசாயி நடுத்தெருவுக்கு வரலாம். என்ன செய்வீர்கள்?

நான் சொல்லிவிடுவேன். பயிர் போனால் மறுபடி விதைக்கலாம், உயிர் போனால்? ஆனால், ‘சந்தேகம்’ என்று சொல்வது வேறு, ‘இதுதான்’ என்று சொல்வது வேறு. அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

சரி, நஷ்டம்? பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: வரவு ஒரு பக்கம் என்றால், பற்று இன்னொரு பக்கம் இருந்தே தீரும். எச்சரிக்கையால் வந்த பாதுகாப்பு ஊர் முழுக்க வரவு. பற்றை மட்டும் ஒரு விவசாயி தலையில் எழுதினால் எப்படி? ஐரோப்பிய யூனியன் பிறகு 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. பலர் அதை உதவி என்றார்கள். உதவி இல்லை சார், கடன்! ஊருக்காக ஒருவன் இழந்ததை ஊர் திருப்பித் தருகிறது.

நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ‘இந்தக் காயைத் தொடாதீர்கள்’ என்று அரசாங்கம் சொன்னால் தொடாதீர்கள். ஆனால், ‘அந்தக் காயில் தப்பில்லை’ என்று பிறகு சின்ன எழுத்தில் ஒரு செய்தி வரும். அதையும் தேடிப் படியுங்கள். மறுநாளே கடைக்குப் போய் அரை கிலோ வாங்குங்கள்.