வசதியும் வாலிபரும்

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ பீடோங்கிலோ நம்மவர் நால்வர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பிள்ளைகளிடத்தில் வந்து நிற்கிறது. "நாங்கள் விடியுமுன் எழுந்து மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம், இவனுக்குத் தனி அறை, கைப்பேசி, மோட்டார் சைக்கிள், டியூஷன் யாவும் இருந்தும் ஒன்றிலும் ஊக்கமில்லையே!" என்பதே அதன் சாரம். கஷ்டப்படாததே பையனின் குறை என்று தீர்ப்பும் உடனே கூறப்பட்டு விடுகிறது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமாராகிய நம் வீடுகளிலும் இத்தீர்ப்புக்குப் பஞ்சமில்லை.

இதனை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தரித்திரம்தான் மனிதனுக்கு ஊக்கமளிக்கும் என்பது உண்மையானால், அக்காலத் தோட்டத்து லயங்களைப்போல் ஊக்கம் நிறைந்த இடம் உலகில் வேறு இருந்திராது. ஆனால் கண்டதென்ன? காலையில் பெரட்டுக்குச் சென்ற கால்களில் பல மாலையில் கள்ளுக்கடைக்குச் சென்றன. வறுமையிலிருந்து தப்பி மேலேறிய ஒருவர் தம் கதையைப் பெருமையோடு சொல்லுகிறார். தப்பாதவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

அதே லயங்களில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் வேறொன்று நிகழ்ந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை தோன்றித் தென்கெடாவின் பல தோட்டங்களுக்கும் பரவியது. வாலிபர் அணிவகுத்துப் பழகினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இல் போலீசாருடன் மோதலும் கைதும் நேர்ந்தன. வறுமை பழைய வறுமைதான். "நீ எங்களுக்கு வேண்டும்" என்ற அழைப்புத்தான் புதிது.

வறியவரை எழுப்பிய அழைப்பு வசதியுள்ளவரை எழுப்புமா? ஆண்பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் ஒரு பெண்ணைச் சாட்சிக்கு அழைக்கிறோம். சிலருக்கு இது பிடிக்காது, இருக்கட்டும். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் 1925இல் பிறந்த ஜானகி, 1943இல் சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 18 வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். முகாம் வாழ்வு எளிதாயில்லை, எனினும் நிலைத்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டு, செனட்டராகவும் இருந்து, 2014இல் மறைந்தார். செல்வத்தில் வளர்ந்தது அவரைத் தடுக்கவில்லை.

ஆனால் அழைப்பென்றாலே நல்லதென்று எண்ணிவிடலாகாது. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. கும்பல் பையனுக்குக் கொடுப்பது பணம் மட்டுமன்று. ஒரு பெயர், ஓர் 'அண்ணன்', ஒரு வேலை, வராவிட்டால் தேடிவரும் நாலு பேர். வீட்டில் அவனுக்குள்ள வேலை படிப்பது ஒன்றே, அதுவும் தனக்காகவே. அவன் ஒரு வாரம் இல்லாவிட்டால் வீட்டில் எது நின்றுபோகும்? ஒன்றுமில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

1025இல் இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைச் சொல்லி வீரம் ஊட்டலாமென்று கருதுவோரும் உளர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கப்பற்படையில் இவனுக்கு உத்தியோகம் ஏது?

கைப்பேசியைப் பறித்தால் பறித்தவர்மேல் கோபம் பிறக்குமேயன்றி ஊக்கம் பிறவாது. அதைவிட, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் சிறுவர் இருவரைச் சனிக்கிழமைதோறும் அவன் பொறுப்பில் விடலாம். அவன் போகாத நாளில் அவர்கள் புத்தகத்தோடு காத்திருந்து திரும்புவர். அதை நாம் போய்ச் சரிக்கட்டி மறைத்துவிடக் கூடாது. காத்திருந்தவர் முகத்தை அவனே பார்க்க வேண்டும். பெற்றோருக்கு இது பையனைவிடக் கடினமான பரீட்சை.

ஏழைச் சிறுவரை வசதியுள்ளவன் பிள்ளையின் பயிற்சிக்குக் கருவியாக்குவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆதலின், நம் மகன் திருந்தினானா என்பதை அளவாகக் கொள்ளாமல், அவ்விருவரும் வாசிக்கக் கற்றனரா என்பதையே கேட்டறிய வேண்டும். கல்லாவிடில் வேறு ஆசிரியரைத் தேடித் தருவது நம் கடன். எஸ்.பி.எம். ஆண்டில் இதற்கு நேரமேது என்போர், சனிக்கிழமை காலையில் அவன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்பதை முதலில் பார்த்துவிட்டு வரட்டும்.