ஊரில்லாத ஞானி

காண்டால்ஃபை மந்திரவாதி என்றே பலரும் அறிவார்கள். நீண்ட தாடி, கைத்தடி, கூர்த்தொப்பி. ஜே.ஆர்.ஆர். டோல்கியன் புனைந்த புராணத்தில் அவர் அதற்கும் மேலே. அங்கே வலார் என்போர் பெருந்தேவர்கள். அவர்களுக்குத் துணைநிற்கும் சிறுதேவர்கள் மையார். அந்த மையாரில் ஞானத்தில் மிக்கவர் ஓலோரின். கடலுக்கு மேற்கே தேவர்களின் நாட்டில் இருந்த அவர்தான் பின்னாளில் காண்டால்ஃப்.

ஞானிக்கு ஆசான் யார்? கல்விக்கான தேவர் அல்லர், துயரத்தின் தேவி நியென்னா. அவளிடம் ஓலோரின் கற்றவை இரக்கமும் பொறுமையும். டோல்கியனின் ஆழமான முடிவு இது என்பேன்.

கொடியவன் சௌரானுக்கு எதிராகத் தூதர்களை அனுப்ப வலார் தீர்மானித்தபோது, ‘எனக்கு ஆற்றல் போதாது, அவனைக் கண்டால் பயம்’ என்று தயங்கினார் ஓலோரின். ‘அப்படியென்றால் நீதான் போக வேண்டும்’ என்றார் தேவர் தலைவர் மான்வே. நிபந்தனைகளும் கடுமை. கிழவர் உடல், அதற்குரிய பசியும் களைப்பும். வலிமையை வலிமையால் எதிர்க்கக் கூடாது. அச்சுறுத்தி ஆளக் கூடாது. பேசித்தான் மனங்களைத் திருப்ப வேண்டும்.

தூதர்களின் தலைவர் சாருமான் ஐசன்கார்டில் கோட்டை கொண்டார். படையும் பொறிகளும் பெருக, கெட்டும் போனார். காண்டால்ஃபோ சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் வீடின்றித் திரிந்தார். எல்ஃபுகளுக்கு மித்ராந்திர், குள்ளர்களுக்குத் தார்கூன் என்று நாட்டுக்கொரு பெயர். மரியாதைதான் எல்லா இடத்திலும் இல்லை. ரோஹன் அரசவையில் அபசகுனக் காக்கை என்று ஏசினார்கள். கோண்டோர் நாட்டை ஆண்ட டெனதோர், இவர் நம்மைக் கருவியாக்குகிறார் என்று சந்தேகித்தார். அந்தச் சந்தேகம் முழு அபத்தமில்லை: எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஒரு நாட்டின் நலனை மட்டும் பார்க்கமாட்டார். ஆனால் அரசர்கள் யாரும் பொருட்படுத்தாத குட்டை மனிதர்களான ஹாபிட்டுகளை அவர் கவனித்ததும் அதனால்தான்.

1946-ல் எழுதிய கடிதமொன்றில், ஓடினைப் போன்ற நாடோடியாகவே இவரை எண்ணுவதாக டோல்கியன் குறிப்பிட்டார். தொப்பியும் தடியும் ஒத்துப்போகின்றன, குணம் ஒத்துப்போகவில்லை. நார்ஸ் தெய்வம் ஓடின் ஞானத்துக்காக ஒரு கண்ணையே விலையாகக் கொடுத்தவன், போரை மூட்டிவிடுபவன். காண்டால்ஃப் தமக்கென எதுவும் தேடவில்லை. ஹாபிட்டான ஃப்ரோடோ சௌரானின் ஆற்றல் மோதிரத்தை நீட்டியபோதும் மறுத்தார். நன்மை செய்யும் ஆசையாலேயே தாம் கெட்டுவிடுவோம் என்று அஞ்சினார். மான்வே அன்று கண்டுகொண்ட அதே பயம்.

இக்கதையின் திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த முன்கதை கிடைக்காது. டோல்கியன் மறைந்தபின் 1980-ல் வெளிவந்த ‘அன்ஃபினிஷ்டு டேல்ஸ்’ நூலில் தூதர்களைப் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.