பிள்ளையில்லாதவரின் பெயர்

குமரி மாவட்டத்து மயிலாடியில் கல் கொத்தும் உளியோசையைத் தாண்டிப் போனால் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயத்தைப் பார்க்கலாம். ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பெயரும் மயிலாடிக்காரர் ஒருவரின் பெயரும் அங்கே அருகருகே நிற்கின்றன. அவற்றில் முதல் பெயர் இந்த ஊரில் நிலைத்த விதம் எனக்கு எப்போதும் வியப்பானது.

ஜெர்மன் மொழியில் ரிங்கல்தௌபே என்பது ஒரு காட்டுப்புறா. ஒரே பெயரில் பலர் இருந்த நகரங்களில், ஆளைப் பிரித்துச் சொல்ல 12ஆம் நூற்றாண்டு முதல் அங்கே குடும்பப் பெயர்கள் வேரூன்றின. மாவு அரைத்தவர் வீட்டுக்கு முல்லர், கொல்லர் வீட்டுக்கு ஷ்மிட் என்று தொழிலும் ஊரும் பட்டப்பெயரும் தலைமுறைகளுக்கு ஒட்டிக்கொண்டன. பின்னாளில் அரசும் அதையே விரும்பியது. பிரஷ்யாவில் 1812இல் வந்த ஆணை, யூதர்கள் நிலையான குடும்பப் பெயரை ஆறு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றது.

அந்த 1812இல் பிரஷ்யாக்காரரான மிஷனரி வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே, குடும்பப் பெயரே இல்லாத மக்கள் நடுவில், மயிலாடியில் இருந்தார். 1770இல் சைலீசியாவில் ஒரு போதகருக்குப் பிறந்தவர். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தவர். அவருடைய அழைப்பை ஏற்று 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு அங்கே தொடங்கிய பள்ளிதான் பிறகு நாகர்கோவிலுக்கு மாறி, வளர்ந்து, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. 1816இல் உடல் நலிந்த நிலையில், சபையை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். எங்கே இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. திருமணம் செய்துகொள்ளாதவர். ஜெர்மன் கணக்குப்படி அவரோடு அவர் கிளை முடிந்தது.

வேதமாணிக்கம் தஞ்சாவூரில் சந்தித்த போதகரும் ஜெர்மன் வழிவந்தவர்தான். அவர் யோவான் காஸ்பர் கோல்ஹாஃப். அவருடைய தந்தை 1737இல் தரங்கம்பாடிக்கு வந்தார். மகன் 1762இல் அங்கேயே பிறந்து 1844 வரை வாழ்ந்தார். பேரன் 1881இல் மறைந்தார். மூன்று தலைமுறை, 144 ஆண்டு, தமிழ் மண்ணில் ஒரே தொழில், ஒரே குடும்பப் பெயர். அதைச் சுமக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் இன்று கோல்ஹாஃப் என்ற பெயரை வரலாறு படித்தவர்கள்தான் அறிவார்கள். பிள்ளையில்லாத ரிங்கல்தௌபேயின் பெயரை மயிலாடியில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் நம் பெயர் முறையிலேயே இருக்கிறது. இங்கே அப்பாவின் பெயர் பிள்ளைக்கு வெறும் முன்னெழுத்து. பேரன் காலத்தில் அதுவும் உதிர்ந்துவிடும். குமரி மாவட்டத்தில் லூதர், லிவிங்ஸ்டன், எடிசன், வில்சன் என்று கூப்பிட்டால் ஒவ்வொரு தெருவிலும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் வீட்டுக்குச் சொந்தமான பெயர்கள் இங்கே ஆளுக்குச் சொந்தமாகிவிட்டன. லூதரின் மகனுக்கு ‘எல்’ என்ற ஓர் எழுத்துதான் மிஞ்சும். அந்தப் பெயர் நீடிக்க வேண்டுமென்றால், வேறொரு வீட்டில், வேறொரு தகப்பன் விரும்பி அதை மறுபடி வைக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு பெயர் நிலைக்க யாரும் எதையும் விரும்ப வேண்டியதில்லை. பதிவேடு பார்த்துக்கொள்ளும். கொடியவனின் பெயரும் சோம்பேறியின் பெயரும் பேரப்பிள்ளை வரை தடையில்லாமல் போகும். இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு தொட்டிலிலும் அந்தப் பெயர் புதிதாகத் தேர்வு எழுதுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. பட்டப்பெயரைக் கேட்டதும் சாதியை அளந்த நாடு திருவிதாங்கூர். பிள்ளை, தம்பி போன்றவை எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. வேதமாணிக்கம் போன்ற ஒடுக்கப்பட்டோரின் வழிவந்தவர்களுக்குக் கடல் கடந்து வந்த பெயர் ஒரு வசதியைத் தந்தது: அதைக் கேட்டு யாரும் பிறப்பைக் கணக்கிட முடியவில்லை. வம்சத்தைச் சொல்லவே பிறந்த பெயர், வம்சத்தை மறைக்கவும் உதவியது.

ரத்தம் பெயரைக் கடத்தும், ஆனால் காப்பாற்றாது. காப்பாற்றுவது, அந்தப் பெயருக்குரியவர் செய்ததை நினைத்துப் பார்க்கும் பிறர் மனம்தான். நம் சந்ததிக்கு நாம் விட்டுப்போக முடிந்தது ஒரு முன்னெழுத்து மட்டுமே. முழுப்பெயராக வாழ வேண்டுமென்றால், நமக்கு எந்த உறவுமில்லாத ஒருவர் தம் பிள்ளைக்கு அதை வைக்க விரும்பும்படி வாழ்ந்திருக்க வேண்டும்.

ஆகவே, பெரியவர் ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவர் யார், என்ன செய்தார் என்பதையும் அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் கொடுத்தது பாதிப் பெயர்தான்.